ஏரிக்கரைமேல் வந்த துறைமுகம்

துறைமுகத்தைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஒரு குறும்படம் எடுக்கப்போகிறார்களாம். எங்கள் மக்கள் தொடர்புப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். "மேடம், உங்க காலத்துல டிவி கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஜனங்கள எப்படி நம்ம பக்கம் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார்கள். காபி குடித்து முடிப்பதற்குள் பதில் வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. நானும் ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் சொல்லவேண்டியது அது இல்லை. 'நம்ம பக்கம்' என்ற சொல் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடியிருப்பில் பிறந்தவள். பெயர் லூர்து மேரி. துறைமுகத்தில் தட்டச்சர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். சரக்குப் பிரிவில் சில வருடங்கள், கணக்கில் சில வருடங்கள் என்று ஐம்பதுகள் தட்டச்சுப் பொறியோடு ஓடிப்போயின. ஒருநாள் அலுவலக வாசலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு எந்தப் பக்கம் போனால் எந்த ஆபீஸ் வரும் என்று உரக்க விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் வேதமூர்த்தி சார். மக்கள் தொடர்பு அதிகாரி. மறுவாரமே என்னைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலிடத்தில் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "இந்தம்மா பேசறது ஊர்ல புரியும்."

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உயரம், ஒல்லி. நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே வேலை சொல்வார். நாமும் கூடவே நடந்து குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பேசுவதற்கு நான் எழுதிக்கொண்டு போகும் தாளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார். 'மாபெரும்' போகும். 'நாட்டின் முன்னேற்றம்' போகும். 'பெருமைமிகு' போகும். கடைசியில் ஒரு கைப்பிடி வாக்கியங்கள் மிஞ்சும். "இதுல நீங்க கண்ணால பாத்தது எது, மேரியம்மா? அத மட்டும் சொல்லுங்க" என்பார். பிறகு அவரே கிராமத்தானாக மாறி என் எதிரில் நின்று சண்டைக்கு வருவார். "உன் கப்பலால எனக்கு இன்னா?" என்று அவர் அதட்டும்போது பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் தடுமாறினால் சிரிக்கமாட்டார். அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பார்.

எங்களிடம் ஒரு வேன் இருந்தது. அதில் படக்கருவி, ஜெனரேட்டர், வெள்ளைத் திரை. வேனை ஓட்டுவதும் படம் காட்டுவதும் காதர். ராயபுரத்து ஆள், வாய் ஓயாது. ஒரு தகரப் பெட்டியில் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் வைத்திருந்தோம். கப்பலில் வந்த கோதுமை, உரம், கந்தகம். கப்பலில் போகும் கடலைப் புண்ணாக்கு, தோல் துண்டு. கடலைப் பார்க்காதவன் கையில் இந்தப் புட்டியைக் கொடுத்தால் போதும், பேச்சு தானாகத் தொடங்கும் என்பது சாரின் எண்ணம்.

பெரும்பாலும் தொடங்கியது. ஆனால் நாங்கள் நினைத்த திசையில் இல்லை. ரேஷனில் கோதுமை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கூட்டம் போட்டோம். கோதுமைப் புட்டியை உயர்த்திக் காட்டி, இது கடல் கடந்து வந்து நம் துறைமுகத்தில் இறங்குகிறது என்றேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஓ, நீதானா அது? இத்த தின்னு தின்னு வவுறு கல்லா கீது. அந்தக் கப்பல நிறுத்திட்டு அரிசிய அனுப்பச் சொல்லு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. திரும்பும் வழியில் சார் மகிழ்ச்சியாக இருந்தார். "கோதுமை எங்கேர்ந்து வருதுன்னு இன்னிக்கு அந்த ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. திட்டறதுக்காவது நம்ம விலாசம் வேணும் இல்லியா?" என்றார்.

ஒரு ஊருக்குப் போவதற்கு அவர் வைத்திருந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் வேன் போகக் கூடாது. நான் மட்டும் பஸ்ஸில் போகவேண்டும். யாரிடமும் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது. ஊரிலும் நடக்க வேண்டும், காலனியிலும் நடக்க வேண்டும். எங்கே திரை கட்டினால் இரண்டு இடத்து ஆட்களும் தயங்காமல் வருவார்கள் என்று பார்த்துவர வேண்டும். அந்தக் காலத்தில் வேறு இலாகாக்காரர்கள் படம் காட்டும்போது மைதானத்தின் நடுவில் திரை கட்டுவார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். காலனிக்காரர்கள் மறுபக்கம் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிய படத்தைப் பார்ப்பார்கள். சார் அதற்கு ஒப்பமாட்டார். எப்போதும் ஒரு சுவரில் ஒட்டித்தான் திரை கட்டுவோம். பின்பக்கமே இருக்காது. முணுமுணுப்பு வரும், சிலர் எழுந்து போவார்கள். "இடம் பத்தல, சார் சொல்லிட்டாரு, நான் இன்னா பண்றது?" என்று காதர் அப்பாவி முகம் காட்டுவான். படம் ஓடத் தொடங்கியதும் போனவர்கள் திரும்பி வருவார்கள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். பிறகு அந்த ஏரிக்கரை விவகாரம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய கப்பல்களுக்காகத் துறைமுகத்தை வெளிக்கடல்வரை விரிவுபடுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கடலுக்குள் நீளமாகக் கல் சுவர் கட்ட வேண்டும். அலைதடுப்புச் சுவர். பாறை பாறையாகக் கொண்டுவந்து கடலில் கொட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கல்லில் ஒரு பங்கு ஒரகடத்துக்குத் தெற்கே இருந்த ஒரு குன்றிலிருந்து வந்தது. அந்த ஊரின் உண்மைப் பெயரை எழுதவில்லை. கல்லேரி என்று வைத்துக்கொள்கிறேன். என் தங்கை பிலோமினாவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். காலனியில், ஏரிக்கரைக்கு நேர் கீழே அவள் வீடு.

கல் லாரிகள் ரோட்டு வழியாகச் சுற்றி வராமல் ஏரிக்கரைமேல் குறுக்கே ஓடின. கல் ஏற்றும் குத்தகைதாரருக்கு அதில் நேரம் மிச்சம். நெல்லும் வேர்க்கடலையும் ஏற்றிய மாட்டுவண்டி மட்டும் போய்ப் பழகிய மண்கரை அது. பாறை லாரி தாங்குமா? ஐப்பசி நெருங்கும் நேரத்தில் மதகுக்குப் பக்கத்தில் கரை சரியத் தொடங்கியது. ஒரு காலை காலனிப் பெண்கள் கரைமேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஊர்ப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் நிலமும் அந்தத் தண்ணீரின் கீழேதான் என்பதால். லாரிகள் நின்றன. கல் நின்றது.

மழைக்கு முன் சுவர் ஓர் அளவுக்கு எழுந்து நிற்காவிட்டால் கடல் அதுவரை போட்டதையும் வாரிக்கொண்டு போகும். ஆகவே மேலிடத்திலிருந்து எங்களுக்கு உத்தரவு வந்தது: கல்லேரியில் உடனே படம் காட்டி, துறைமுகத்தின் அவசியத்தை விளக்கி, ஊராரின் ஆதரவைப் பெற்றுத் தருக.

நான் வழக்கம்போல் முதல் நாள் கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மீதியை நடந்தேன். பிலோமினா என்னைப் பார்த்ததும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்த? உங்காபீசு அனுப்பிச்சா?"

"ஆமா."

"அக்கான்னு வந்தா சோறு போடறேன். ஆபீசுன்னு வந்தா அப்படியே திரும்பிப் போயிடு."

சாப்பிட்டேன். அன்று முழுக்க அவள் வீட்டுப் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னால், கூரைக்கும் மேலே, கரை நின்றது.

மறுநாள் மாலை பள்ளிக்கூடச் சுவரில் திரை கட்டினோம். கூட்டம் நிறைய, ஆனால் ஒருவரும் பேசவில்லை. காதர் படத்தைப் போட்டான். கிரேன் மூட்டையைத் தூக்கும் காட்சி வரும்போது ஒரு பெண் எழுந்து வந்து வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றாள். கப்பல் அவள் புடவைமேல் ஓடியது. அவள்தான் கன்னியம்மாள். பிலோமினாவுக்கு அடுத்த வீடு. கல் உடைக்கப் போன இடத்தில் புருஷனை இழந்து, நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள். லாரிக்கு முன்னால் முதலில் உட்கார்ந்ததும் அவள்தான்.

"இன்னா மா, கப்பல் காட்டிகினு கீற? எங்க கரைய காட்டு, பாப்போம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"உங்க லாரி போறப்பல்லாம் எம் வூட்ல அடுப்பு மேல கீற சட்டி ஆடுது. முந்தாநேத்து மதகாண்ட மண்ணு பொலபொலன்னு வுழுந்துச்சி. மழ வந்தா தண்ணி எங்க வரும்? உங்க கப்பலுக்கா வரும்? எம் வூட்டுக்கு வரும். உந் தங்கச்சி வூட்டுக்கு வரும்."

மணியக்காரர், அரசாங்கக் கூட்டத்தில் குழப்பம் வேண்டாம் என்று அவளை உட்காரச் சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சாரின் குரல் கேட்டது. "காதர், மெஷின நிறுத்து. விளக்கப் போடு. அம்மா சொல்லட்டும்."

அன்று படம் பாதியோடு நின்றது. நாங்கள் பேசவே இல்லை. கன்னியம்மாள் முடித்ததும் இன்னொருத்தி, பிறகு ஒரு நெல் விவசாயி, பிறகு யார் யாரோ. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று கேட்டார்.

காலையில் கன்னியம்மாளே எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனாள். லாரிச் சக்கரம் பள்ளமாக்கிய இடத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. சார் ஒரு சவுக்குக் குச்சியை ஒடித்து அதில் விட்டார். குச்சி முழங்கை அளவுக்கு இறங்கி, இன்னும் இறங்கியது. அவர் அதை வெளியே இழுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு, "கிளம்பலாம்" என்றார்.

அலுவலகத்தில் சுவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் அறைக்குச் சார் நேராகப் போனார். குறிப்பெடுக்க நானும் போனேன். பொறியாளர் கெட்டவர் இல்லை. முந்தைய வருடம் கடல் ஒரே நாளில் அவருடைய கிரேனை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே சுவர் முனைக்கு ஓடிவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள்.

"வேதமூர்த்தி, ஜனங்களச் சமாதானப்படுத்தறதுதான் உங்க வேலை. லாரி எந்த வழியா வரணும்னு சொல்றது இல்ல."

"கரை உடைஞ்சா நான் எந்தப் படத்தக் காட்டிச் சமாதானப்படுத்தறது சார்?"

"ரோட்டச் சுத்தி வந்தா லாரி நடைல எனக்குப் பாதி போயிடும். ஏரி நம்ம இலாகாவே இல்ல. எழுதிப் போடுங்க, உரியவங்க பாப்பாங்க."

"உரியவங்க பாக்கறதுக்குள்ள மழை பாத்துடும்."

சார் வாசல்வரை போய்த் திரும்பி, "அவங்கள இங்க கூட்டிட்டு வரேன். நீங்க ஒரு தடவ அவங்ககிட்ட பேசுங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் ஒரு பஸ் நிறையக் கல்லேரிக்காரர்கள் வந்தார்கள். ஊரும் காலனியும் ஒரே பஸ்ஸில் வந்ததற்கு மணியக்காரர் முகம் கடுத்தே இருந்தது. பாதிப் பேர் கடல் பார்க்காதவர்கள். சுவர்மேல் நடக்கும்போது இரண்டு பக்கமும் அலை மோதிச் சாரல் தெறித்தது. பிலோமினா என் புடவையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முனைக்குப் போனதும் கன்னியம்மாள் குந்தி உட்கார்ந்து ஒரு பாறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இம்மாங் கல்லும் எங்க மலதானா?"

"இந்தப் பக்கம் இருக்கறது உங்க மலைதான்" என்றார் பொறியாளர்.

அவள் கொஞ்ச நேரம் எழவில்லை. மலை போனதற்கு அழுவாளோ, திட்டுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறியாளர் அவராகவே பேசத் தொடங்கினார். இந்த அலைக்கு நடுவில் கப்பல் நிற்க முடியாது. சுவர் இருந்தால்தான் உள்ளே தண்ணீர் சும்மா இருக்கும். மழைக்காலத்தில் காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். இந்த முனை திறந்து கிடந்தால் அத்தனையும் போய்விடும். நாங்கள் வருடக்கணக்காக ஒத்திகை பார்த்துப் பேசியதைவிட அது நன்றாக இருந்தது. ஏனென்றால் அவர் யாரையும் நம்பவைக்க முயலவில்லை. பயந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கன்னியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்ப உனுக்கும் மழன்னா பயந்தான்."

அவர் தலையாட்டினார்.

"எங்களுக்கும் அதான் சாரே. நாங்க வழி வுடறோம். கரமேல மட்டும் வேணா, ரோட்டு மேல போ. கடலுக்கு ஒதவாதுன்னு ஒதுக்கிப் போடற சின்னக் கல்ல எங்க கரைக்கு இறக்கிடு. மண்ணு நாங்க சுமக்கறோம்."

"அதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"எனக்கும் இல்ல" என்றார் வேதமூர்த்தி சார். பைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். என் முதுகைத் திருப்பச் சொல்லி அதன்மேல் வைத்தே, அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். பொறியாளர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல" என்றார்.

"பாக்க வேணாம் சார். லாரிய மட்டும் ரோட்டுல விடச் சொல்லுங்க" என்றார் வேதமூர்த்தி சார்.

மறுநாளே லாரிகள் ஓடின, ரோட்டு வழியாக. குத்தகைதாரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்; நடைகள் குறைந்தன. கழிவுக்கல் கரையடியில் இறங்கியது. வெடிப்பைத் தோண்டி, களிமண் போட்டு மிதித்து, அந்த இடத்தில் தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கல் அடுக்கினார்கள். ஊர் ஆண்கள் ஒரு முனையிலிருந்தும் காலனி ஆண்கள் மறுமுனையிலிருந்தும் தொடங்கினார்கள். நடுவில் சந்தித்தபோது யார் பக்கத்துக் கல் ஒழுங்கு என்று சண்டை வந்தது. சார் வாரத்தில் பாதி நாள் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். காதர் வேனில் மண்கூடை ஏற்றினான். "படம் காட்டற வண்டில சேறு ஏத்த வுட்டுட்டீங்களே, பேஜாரு" என்று புலம்பிக்கொண்டே ஏற்றினான்.

மழை சொன்ன காலத்துக்கு முன்னாலேயே வந்தது. வானொலியில் புயல் என்றார்கள். அலுவலகத்தில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சன்னலுக்குப் போவேன், வருவேன். கடைசியில் விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் பஸ் இல்லை; இரவை ரயில் நிலையத்திலேயே கழித்தேன். விடிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே நனைந்துகொண்டு நடந்தேன். கல்லேரி போய்ச் சேர்ந்தபோது ஏரி கரையின் கழுத்துவரை நின்றது. உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழியாக வெள்ளம் இரைந்துகொண்டு ஓடியது. காலனியில் ஓர் ஆள் இல்லை, எல்லோரும் கரைமேல். மதகுக்கு அந்தப் பக்கம், எங்கள் கல் முடிகிற இடத்தில், கரையின் வெளிப்பக்கம் ஒரு கசிவு கண் திறந்திருந்தது. வைக்கோலும் பனை மட்டையும் மண்மூட்டையும் கைமாறிக்கொண்டே போயின. பிலோமினா சேறு அப்பிய முகத்தோடு என்னிடம் ஒரு மூட்டையைத் தள்ளினாள். யார் அக்கா, எந்த ஆபீஸ் என்ற பேச்சே இல்லை. மதியம்வரை தள்ளிக்கொண்டே இருந்தோம். கசிவு முதலில் சேறாக வந்தது, பிறகு தெளிவாக வந்தது, பிறகு நின்றது. கரை நின்றது.

அதே மழையில் துறைமுகத்தில் சுவரின் முனை போய்விட்டது.

யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நடை குறைந்ததால் கல் குறைந்தது, கல் குறைந்ததால் முனை திறந்து கிடந்தது, நடை குறையக் காரணம் அதிகாரம் இல்லாமல் எழுதிக் கொடுத்த ஓர் உறுதிமொழி என்று கணக்கு நேராக வேதமூர்த்தி சாரிடம் வந்து நின்றது. விசாரணை வைத்தார்கள். பொறியாளரிடம் அன்று சுவர்மேல் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நினைவில்லை என்றார். அதைச் சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். "அந்தத் தாளை அவர் எழுதும்போது நீங்கள் தடுக்கவில்லையா?"

"இல்லை. என் முதுகில் வைத்துத்தான் எழுதினார்" என்றேன்.

"கல் இறக்கியபோது?"

"நானும் மண் சுமந்தேன்."

வெளியே வந்தபோது துறைமுக வாசலில் கல்லேரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சாட்சி சொல்ல வந்தோம் என்றார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. அவர்களும் போகவில்லை. கன்னியம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவ இன்னா பண்ணப்போறாங்க?" என்று என்னை உலுக்கினாள். வழியை மறித்து உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. சார் விசாரணை அறையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். "வேணாம்மா. நான் செஞ்சது எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சேன். அறுப்பு வேலை கிடக்கும், போங்க" என்றார். அவர்கள் போகும்வரை வாசலிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

ஊதிய உயர்வை நிறுத்தி, அவரைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். கயிறும் பெயிண்டும் எடுத்துக் கொடுக்கும் இடம். எங்கள் பிரிவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவர் அறையில் நான் உட்காரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே வேலை சொல்லும் பழக்கம் எனக்கும் அப்போதுதான் தொற்றியது.

அடுத்த கோடையில் கல்லேரிக் குன்றின் மறுபக்கத்தையும் வெட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த முறை முன்கூட்டியே ஊராரைக் கேட்டுவிட வேண்டும் என்று மேலிடமே சொன்னது. அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். கன்னியம்மாளும் மணியக்காரரும் சேர்ந்தே பதில் சொன்னார்கள். வேதமூர்த்தி ஐயா வந்தால் பேசுகிறோம், இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

கிடங்கிலிருந்து அவரை வரவழைத்தார்கள். பொறியாளர், சார், நான், மூவரும் ஜீப்பில் போனோம். பள்ளிக்கூட வாசலில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சார்கூட அன்று உட்கார்ந்தார். மோர் வந்தது. பொறியாளர் வரைபடத்தை விரித்து விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கன்னியம்மாள் எழுந்தாள்.

"போன தபா நீங்க சொன்னத செஞ்சீங்க. அதனாலதான் மூஞ்சிக்கு நேரா சொல்றோம், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பக்கம் வேணா சாரே. ஏரிக்கு தண்ணி வர்ற கால்வா அந்த மல அடிலதான் வருது. வெடி வெச்சா அடஞ்சிடும். ஏரி செத்துப்பூடும்."

பொறியாளர் சாரைப் பார்த்தார். சார் கன்னியம்மாளிடம், "கால்வாய எனக்குக் காட்டறீங்களா?" என்றார். போய்ப் பார்த்தோம். அவள் சொன்னபடிதான் இருந்தது. சார் ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை.

திரும்பும்போது ஒரகடம் தாண்டும்வரை பொறியாளர் பொறுத்துக்கொண்டிருந்தார். "உங்கள நம்பித்தானே கூட்டிட்டு வந்தேன் வேதமூர்த்தி? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவங்க சொன்னதுல எது சார் தப்பு?"

"அது இல்ல. சம்மதிக்கலியே."

"போன தடவ வேணாம்னு சொல்றதுக்கு ரோட்டுல உக்காந்தாங்க. இந்தத் தடவ நம்மள நாற்காலில உக்கார வெச்சு சொல்றாங்க."

சிங்கப்பெருமாள் கோவிலில் சார் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கிடங்கில் சாயங்காலம் சரக்கு வருகிறதாம், ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று இறங்கிக்கொண்டார்.

மறுநாள் அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். அதில் வழக்கமாக இரண்டு வரிகள் உண்டு. வேறு பிரிவுகள் இரண்டிலும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். நான் இப்படி அடித்தேன்: 'குவாரிக்கு ஊராரின் சம்மதம்: இல்லை. துறைமுகத்துக்கு ஊராரின் ஆதரவு: உண்டு.'

பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். "இது ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?"

"நீங்களும் வந்திருந்தீங்களே சார்" என்றேன்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். மறுபடியும் போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் மேசைமேல் குனிந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.